'அட் யுவர் ஓன் ரிஸ்க்': யாருடைய பொறுப்பு? உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

அந்திமல்லி (செந்தூல், கோலாலம்பூர்)

பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பாதுகாவலர்கள், துணிக்கடையில் வேலை செய்யும் பெண்கள், தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்து ஓய்வு பெற்றவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். பெரிய சொற்கள் அவர்களுக்குத் தடையே இல்லை. இன்சூரன்ஸ், அப்பாயின்ட்மென்ட் எல்லாம் நாவில் பழகிவிட்டன. அவர்கள் தடுமாறும் இடம் வேறு. முன்னால் ஒரு 'இன்', 'ஆன்' அல்லது 'அட்'. நடுவில் ஒரு 'மை', 'யுவர்' அல்லது 'ஹிஸ்'. கடைசியில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெயர்ச்சொல். தனித்தனியாகக் கேட்டால் மூன்றுக்கும் பொருள் சொல்லிவிடுவார்கள். மூன்றும் சேர்ந்து வந்தால் திகைத்து நிற்கிறார்கள்.

இதை அறிவுக் குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. நாம் மூன்று மொழிகளுக்குள் வாழ்கிறோம், இந்த இடத்தில் மூன்றும் மூன்று வரிசையில் நிற்கின்றன. தமிழில் 'என் வீட்டில்' என்கிறோம்: யாருடையது என்பது முதலில் வருகிறது, 'இல்' கடைசியில் ஒட்டிக்கொள்கிறது. மலாயில் 'டி ரூமா சாயா': 'இல்' முதலில், வீடு நடுவில், 'என்' கடைசியில். ஆங்கிலத்தில் 'இன் மை ஹவுஸ்': 'இல்', 'என்', அதன் பிறகே வீடு. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒரே காலைப் பொழுதில் இந்த மூன்று வரிசைக்கும் மாறி மாறிப் போய் வருகிறது. எவ்வளவு பெரிய வேலை அது!

வீடு, மேசை என்று கண்ணால் பார்க்கும் பொருளாக இருந்தால் சமாளித்துவிடலாம். கை, மனம், வழி என்று வரும்போதுதான் சிக்கல். 'இன் மை ஹேண்ட்ஸ்' என்றால் அது என் பொறுப்பில் இருக்கிறது. 'ஆன் மை ஹேண்ட்ஸ்' என்றால் என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. 'அவுட் ஆஃப் மை ஹேண்ட்ஸ்' என்றால் இனி முடிவு செய்வது நான் இல்லை.

என் வகுப்புக்கு வரும் ஒரு பெரியவர், மனைவி இறந்த பிறகு அவர் பெயரில் இருந்த பணத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். ஒரு நாள் முகப்பில் இருந்த பெண், 'அங்கிள், இட்ஸ் அவுட் ஆஃப் மை ஹேண்ட்ஸ்' என்று சொல்லியிருக்கிறார். மேலதிகாரிக்கு அனுப்பியாகிவிட்டது என்பதே அவர் சொல்ல வந்தது. பெரியவரோ, கோப்பு அந்தப் பெண்ணின் கையை விட்டுப் போய்விட்டது, தொலைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். மரணச் சான்றிதழின் மூலப்பிரதியும் அதற்குள்தான் இருந்தது. பதறிப்போய், அலுவலகம் மூடும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் நேப்பாளத்துக் காவலாளி ஒருவர் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, 'அங்கிள், ஃபைல் அடா டி அத்தாஸ்' என்று மாடியைக் கைகாட்டிய பிறகே எழுந்து வீட்டுக்குப் போனார். முகப்புப் பெண்ணும் மரியாதையாகத்தான் பேசினார், பெரியவரும் கவனமாகத்தான் கேட்டார். இருந்தும் ஒரு முழுப் பிற்பகலை அவர் பயத்தில் கழித்திருக்கிறார்.

உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவர்களுக்கோ இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள். எந்த இடத்தில், யார் சொன்னது, அதனால் என்ன ஆனது என்று விவரமாக இருந்தால் வகுப்பில் எடுத்துச் சொல்ல உதவும். நிறுவனங்களின் பெயர் வேண்டாம்.

வெள்ளுடை (கோலாலம்பூர்)

நெடுங்காலமாகத் தாதியாக இருக்கிறேன், டீச்சர். எங்கள் வேலையில் இப்படி ஒரு தொடர் தினமும் வருகிறது. அதை நான் மிகவும் கனமானதாக நினைக்கிறேன்.

மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியும் வீட்டுக்குப் போகிற நோயாளி ஒரு பாரத்தில் (படிவத்தில்) கையெழுத்திட வேண்டும். 'மருத்துவ ஆலோசனைக்கு எதிராக' என்ற பொருளில் பிற நாடுகளில் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மலேசிய மருத்துவமனைகளில் நாங்கள் 'ஏஓஆர்' என்போம். விரித்துச் சொன்னால் 'அட் ஓன் ரிஸ்க்'. நடுவில் 'யுவர்', 'ஹிஸ்' எதுவும் இல்லை. எங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது அது ஒரு குறையாகத் தெரிவதில்லை. கையெழுத்துப் போடுகிறவருக்கு அந்த விடுபட்ட சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது.

நெஞ்சு வலியோடு சேர்க்கப்பட்ட ஒருவர், பேத்தியின் திருமணத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார், கேட்கவில்லை. பாரம் வந்தது. அவர் உடனே கையெழுத்திட்டார். சாட்சிக் கையெழுத்துக்காக மனைவியிடம் நீட்டினோம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்த அம்மா அவர். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: 'மிஸ்ஸி, இவருக்கு ஆபத்து இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா, ஆபத்து வந்தால் நான் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா? இது யாருடைய ரிஸ்க்?'

படித்தவர்கள் பலர் வாசிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா கேட்ட கேள்வியை எந்த வழக்கறிஞரும் மெச்சுவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் விளக்கினேன். இது உங்கள் கணவர் எடுத்த முடிவு. போகாதே என்று மருத்துவர் சொன்னதும், அதன் ஆபத்தை விளக்கியதும் இதில் பதிவாகிறது. நீங்கள் சாட்சி மட்டுமே. அடுத்து இன்னொன்று கேட்டார்: 'இதில் போட்டுவிட்டால் திரும்பி வந்தால் சேர்க்க மாட்டீர்களா?' அப்படி இல்லையம்மா, வலி வந்தால் எந்த நேரமானாலும் நேரே அவசரப் பிரிவுக்கு வாருங்கள் என்றேன்.

மறுநாள் விடியற்காலையில் அவரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டோமே, எந்த முகத்தோடு போவது என்று வீட்டில் மகன் தயங்கினாராம். இந்த அம்மாதான், 'மிஸ்ஸி என்னிடம் சொல்லியிருக்கிறார், வண்டியை எடு' என்று சத்தம் போட்டிருக்கிறார்.

அந்தத் தயக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு நடுங்குகிறது. எத்தனை குடும்பங்கள் அந்த மகனைப் போலவே நினைத்து வீட்டிலேயே காத்திருக்கின்றனவோ!

வண்டிச்சக்கரம் (செராஸ், கோலாலம்பூர்)

டீச்சர், நான் செயலி வழியாகப் பயணிகளை ஏற்றும் வாகனமோட்டி. என்னுடையது சின்ன அனுபவம். இரவு நேரத்தில் ஏறும் பயணிகள், 'அண்ணே, என் தோழியையும் இறக்கிவிடுங்கள், இட்ஸ் ஆன் யுவர் வே' என்பார்கள். என் வழியை நான் தேர்ந்தெடுப்பதில்லை, செயலி காட்டுவதுதான் வழி. அவர்கள் சொல்லும் இடம் அவர்களுடைய வழியில் இருக்கிறது. 'ஆன் மை வே' என்று சொன்னால் அது கேட்டுக்கொள்வது ஆகும். 'ஆன் யுவர் வே' என்று சொல்லும்போது, உனக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை என்று அவர்களே தீர்மானித்துவிடுகிறார்கள். நான் கோபப்படுவதில்லை. செயலியில் இன்னொரு நிறுத்தம் சேர்க்கச் சொல்கிறேன். தொகை தானே மாறிவிடும். பெரும்பாலும் சேர்த்துவிடுகிறார்கள்.

பிறைநிலா (பிறை, பினாங்கு)

தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். எங்களைப் படுத்திய சொல் 'ஆவர்'.

தமிழில் 'நம்' வேறு, 'எங்கள்' வேறு. கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் 'நம்', விலக்கினால் 'எங்கள்'. மலாயிலும் அதே பிரிவு உண்டு: கேட்பவரும் சேர்ந்தால் 'கித்தா', சேராவிட்டால் 'காமி'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'ஆவர்'.

வெளிநாட்டு விநியோக நிறுவனம் ஒன்று அனுப்பிய உலோக உறைகளில் துளைகள் அளவு மாறி வந்திருந்தன. உறைகளைத் திருப்பி அனுப்ப வேண்டும், போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதுதான் பேச்சு. இரு தரப்பும் கூட்டம் போட்டுப் பேசினோம். கூட்டக் குறிப்பை அவர்கள் எழுதி அனுப்பினார்கள். அதில் ஒரு வரி: 'தி பார்ட்ஸ் வில் பி ரிட்டர்ன்ட் அட் ஆவர் காஸ்ட்'. கடிதமாக இருந்திருந்தால் எழுதுகிறவரின் செலவு என்று எடுத்துக்கொள்ளலாம். இரு தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் குறிப்பில் 'ஆவர்' என்றால்? அனுப்பிய அவர்களா, பெற்ற நாங்களா, இருவரும் பங்கிடுவதா?

என் மேலாளர் மலாய்க்கார அம்மா. திரையில் அந்த வரியைக் காட்டி நான் வாய் திறக்கும் முன்பே அவர் கேட்டது: 'கித்தா அத்தாவ் காமி?' நானும் மனத்துக்குள் 'நம்மா, எங்களா?' என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் இருந்த சீன நண்பர் மட்டும், 'இதில் என்ன குழப்பம், அவர்கள்தானே தருகிறார்கள்' என்றார். கூட்டத்தில் பேசியதை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். ஆனால் பணம் கேட்கும் நாளில் கூட்டத்தில் இருந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். எழுதிய வரி மட்டும்தான் இருக்கும்.

'ஆவர்' என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயரைப் போடும்படி பதில் எழுதினோம். மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள். இப்போது எங்கள் பிரிவில் கூட்டக் குறிப்பு எதிலும் பணம், பொருள், காலக்கெடு பற்றிய வரிகளில் 'ஆவர்' எழுதுவதில்லை.

புதிதாக வேலைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: ஆங்கில வரியை வாசித்ததும் மனத்துக்குள் ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள். 'நம்' என்பதா 'எங்கள்' என்பதா என்று நாக்கு தடுமாறினால், அந்த வரி இன்னும் முடியவில்லை.

சட்டத்தாள் (கோலாலம்பூர்)

வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். மேலே எழுதியவர்கள் சொன்ன எல்லாமும் எங்கள் மேசைக்கு வந்தவைதான்.

வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் 'அட் ஹிஸ் ஓன் காஸ்ட் அண்ட் எக்ஸ்பென்ஸ்' என்று அடிக்கடி வரும். குளிர்சாதனப் பெட்டியைச் சுத்தம் செய்வது, உடைந்த பூட்டை மாற்றுவது போன்றவற்றுக்கு இந்தத் தொடர்தான். வாடகைக்கு வந்த இளம்பெண் ஒருத்தி, 'ஹிஸ் என்று எழுதியிருக்கிறது. நான் பெண். வீட்டு உரிமையாளர்தான் ஆண். அப்படியானால் இது அவர் செலவுதானே?' என்று கேட்டாள். வாக்கியத்தின் தொடக்கத்தில் 'தி டெனன்ட் ஷெல்' என்று இருந்ததால் அது வாடகைக்காரரையே குறிக்கும் என்று விளக்கினேன். இதற்குப் பின்னால் ஒரு மரபும் இருக்கிறது. மலேசியச் சட்டங்களை வாசிக்கும்போது ஆண்பாற் சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்று 1948, 1967 விளக்கச் சட்டங்கள் சொல்கின்றன. தனிப்பட்ட ஒப்பந்தங்களில் அதே மரபைப் பெரும்பாலும் ஒரு வரியாக எழுதிவிடுவார்கள். எங்கே இருக்கிறது என்று அவளுக்கு எடுத்துக் காட்டினேன். கையெழுத்துக்கு முன்பே கேட்டாளே, அது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. குடிபோன பிறகு உரிமையாளரோடு மோதுகிறவர்களைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று, 'ஆன் மை பிஹாஃப்'. கிழவர் ஒருவர், தன் வங்கி வேலைகளைக் கவனிக்கத் தங்கை மகனுக்கு அதிகாரக் கடிதம் எழுத வந்தார். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். 'ஆக்ட் ஆன் மை பிஹாஃப்' என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். 'ஹாஃப் என்று வருகிறதே தம்பி, பாதியை அவனுக்கு எழுதிக் கொடுக்கிறேனா?' என்றார். அறையில் இருந்த இளையவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேமிப்பு முழுவதும் இருந்த கணக்கு அது. ஒரு வார்த்தைக்கு நின்று கேட்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

அன்று மாலை பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டினேன். பழைய ஆங்கிலத்தில் 'ஹாஃப்' என்பதற்குப் பக்கம் என்றும் பொருள் இருந்திருக்கிறது. 'பிஹாஃப்' அந்தப் பக்கத்திலிருந்து பிறந்த சொல். மலாயில் 'பாகி பிஹாக் சாயா' என்பதில் 'பிஹாக்' என்றால் தரப்பு. தமிழில் 'என் சார்பில்' என்றாலும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதுதான். மூன்று மொழியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. பாதி இல்லை ஐயா, உங்கள் பக்கத்தில் நின்று பேசுவான், உங்கள் பணம் உங்களுடையதே என்று சொன்னேன். கடிதத்தில் எந்தக் கணக்கு, எந்தெந்த வேலை, எந்த நாள் வரை என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். உண்மையில் அவருக்குத் தேவைப்பட்டது அந்த வரம்புதான்.

கோவில்வீதி (ஜார்ஜ் டவுன், பினாங்கு)

பிறைநிலா, உங்களுடையதற்கு நேர்மாறான ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆங்கிலம் பிரித்துக் காட்டி, தமிழ் கலந்து வைக்கிற இடம்.

பழைய படங்களைக் கொண்டு ஒரு சிறு கண்காட்சி வைத்தார்கள். என் அப்பா எடுத்த தைப்பூசப் படத்தைக் கொடுத்தேன். 1894இல் வந்த நகரத்தார் வெள்ளி ரதம் தண்ணீர்மலையை நோக்கிப் போகிறது. சாலையெங்கும் உடைத்த தேங்காய்ச் சில்லுகள். படத்தின் கீழே 'எ ஃபோட்டோகிராஃப் ஆஃப் மை ஃபாதர்ஸ்' என்று எழுதச் சொன்னேன். கடைசியில் இருந்த 'ஸ்' பிழை என்று நினைத்து ஒரு தொண்டர் நீக்கிவிட்டார். 'ஆஃப் மை ஃபாதர்' ஆகிவிட்டது. அதன் பிறகு வந்தவர்களெல்லாம் கூட்டத்தில் என் அப்பாவைத் தேடினார்கள். 'ரதத்தின் வலப்பக்கம் வேட்டி கட்டியவரா?' என்று ஒரு பாட்டி கேட்டார்.

'ஆஃப் மை ஃபாதர்' என்றால் படத்தில் இருப்பவர் அப்பா. 'ஆஃப் மை ஃபாதர்ஸ்' என்றால் அப்பாவுக்கு உரிய படங்களில் ஒன்று. 'எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்' என்று சொல்வதும் இதே அமைப்புத்தான். தமிழில் 'என் அப்பாவின் படம்' என்றால் இரண்டும் ஆகும்; பேசும் சூழ்நிலைதான் பிரித்துக் காட்டும். கடைசியில் 'டேக்கன் பை மை ஃபாதர்' என்று மாற்றி, தமிழில் 'என் அப்பா எடுத்த படம்' என்றும் சேர்த்தோம். அப்பா எந்தப் படத்திலும் இல்லாத மனிதர். எல்லாரையும் எடுத்தவர் அவர். அதனால்தான் அந்த ஓர் எழுத்துக்காக அன்று முழுவதும் மல்லுக்கட்டினேன்.

அந்திமல்லி (செந்தூல், கோலாலம்பூர்)

எழுதிய எல்லாருக்கும் நன்றி. ஐயா சட்டத்தாள் சொன்ன 'பக்கம்' என்னை யோசிக்க வைத்தது. கோலாலம்பூரில் தொலைபேசியை எடுத்தால் 'மை சைட் ரெயினிங்', 'யுவர் சைட் ஹவ்?' என்றுதான் பேசிக்கொள்கிறோம். 'எங்கள் பக்கம் மழை' என்பதன் நேர் வடிவம் அது. மலாய்க்காரரும் சீனரும்கூட அப்படியே பேசுகிறார்கள். வேலை நேர்காணலில் தவிர்க்கச் சொல்வேன். வீட்டில் பேசும்போது திருத்த மாட்டேன்.

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் தனியாகக் கேட்டிருந்தார்கள். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) கட்டுரைக்காக 'டு மை ஹாரர்', 'மச் டு மை சர்ப்ரைஸ்' என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்வது எனக்குத் தெரியும். மனப்பாடம் செய்வதில் தவறில்லை. இந்தத் தொடர்களை முழுதாகத்தான் கற்க முடியும், துண்டு துண்டாகக் கற்க முடியாது. ஆனால் பூனை மேசை மேல் ஏறியதற்கெல்லாம் 'டு மை ஹாரர்' எழுதினால் திருத்துகிறவர் சலித்துப்போவார். எது நடந்தால் நெஞ்சு திடுக்கிடும் என்று பிள்ளையிடம் முதலில் தமிழில் கேளுங்கள். அந்தச் சம்பவத்தோடு சேர்த்துத் தொடரைப் படிக்கட்டும்.

வகுப்பில் நான் செய்வதையும் சொல்கிறேன். கரும்பலகையில் தொடரை எழுதி, நடுச் சொல்லை மட்டும் மறைத்துவிடுவேன். 'அட் ___ எக்ஸ்பென்ஸ்'. 'யார் பணம்?' என்று கேட்பேன். ஒவ்வொருவரும் ஒரு சொல்லைப் போட்டு, யார் பணம் கட்டுகிறார் என்று தமிழிலேயே கதையாகச் சொல்ல வேண்டும். 'மை' போட்டவர் திருமண விருந்து கொடுத்த கதை சொல்வார், 'தேர்' போட்டவர் நிறுவனம் சுற்றுலா அழைத்துப்போன கதை சொல்வார். இப்போது வகுப்பே தானாகக் கேட்கிறது: 'டீச்சர், இது யாருடைய?' நான் முதலில் சொன்ன பெரியவர்தான் எல்லாருக்கும் முன்னால் கேட்கிறார்.

வெள்ளுடை, ஒரு வேண்டுகோள். அந்தப் பாரத்தைப் பற்றி அந்த அம்மாவிடம் தமிழில் சொன்னதை நான்கைந்து வரியில் எழுதித் தர முடியுமா? வகுப்பில் எல்லாரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுகிறேன்.

வெள்ளுடை (கோலாலம்பூர்)

இதோ, டீச்சர். மருத்துவர் சொல்லும் விளக்கத்துக்கு இது மாற்று ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

'வீட்டுக்குப் போக வேண்டாம் என்று மருத்துவர் சொல்கிறார். போனால் என்ன ஆபத்து வரலாம் என்பதை முதலில் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புரியாவிட்டால் தமிழ் தெரிந்த ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். இந்தப் பாரத்தில் கையெழுத்திடுவது, போவது என் முடிவு என்று நோயாளி சொல்வது. மருந்து உண்டா, அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்காமல் கிளம்பாதீர்கள். வீட்டில் உடம்பு மோசமானால், கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று தயங்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். வண்டி இல்லாவிட்டால் 999.'